ஜூன் ஒன்றாம் தேதிப் பிறந்தநாள்

மே 28, புதன்

ரெஜினா, நீ கேட்டபடி இந்த விடுதியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன். உங்கள் கிளப் மெம்பர்ஷிப்பில் வீணாகப் போகவிருந்த வாரத்தை எனக்குக் கொடுத்தபோது நீ வைத்த ஒரே நிபந்தனை அதுதான். "எப்படி இருக்குன்னு தினமும் எழுதி வை கோகி. அடுத்த வருஷம் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகலாமான்னு பாக்கணும்" என்றாய். வருடக்கணக்காக கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு திருத்துகிறவள் நான். குறை கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வாசலிலேயே கழுத்தில் சிப்பி மாலை போட்டார்கள். போட்டதுமே பிடரியில் அரிக்கத் தொடங்கியது. பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் நீல நிறப் பானம். சங்குப்பூ போட்டதாம். அதில் எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறியதைப் பார்த்து சம்முவின் வாய் திறந்தபடியே நின்றது. அமிலம் சேர்ந்தால் நிறம் மாறும் என்று விளக்க ஆரம்பித்தேன். "அம்மா, லீவுல பாடம் எடுக்காதே" என்று சொல்லிவிட்டாள். எட்டு வயதில் இவ்வளவு வாய்.

வரவேற்பில் ஜெசிந்தா என்று ஒரு பெண். விருந்தினர்களைக் கவனிப்பதுதான் அவள் வேலை. ஆதார் கேட்டாள். கொடுக்காமல் அறை கிடைக்காது, கொடுத்தேன். கீழ்த்தளத்தில் கடலைப் பார்த்த அறை, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே மணல். மாடியில் பின்பக்கமாக வேண்டும் என்றேன்.

"பின்னாடி ரூம்ல இருந்து கேட்டும் கார் பார்க்கிங்கும்தான் தெரியும் மேடம். எல்லாரும் கடல்தான் கேப்பாங்க."

"எனக்குக் கடல் சத்தம் ஒத்துக்காதும்மா."

கடற்கரை விடுதிக்கு வந்து கடல் சத்தம் ஒத்துக்காது என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அறை நன்றாகவே இருக்கிறது. மெத்தை மெத்து மெத்தென்று இருக்கிறது. ஜெனரேட்டர் புகை கொஞ்சம் வருகிறது. கேட் நன்றாகத் தெரிகிறது.

என் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். விடுமுறை என்றால் விடுமுறையாக இருக்க வேண்டும். நீ கொடுத்த பட்டன் போன் கைப்பையில் இருக்கிறது.

இடது மோதிர விரலைக் கிளம்புகிற அவசரத்தில் கதவில் மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் சுற்றியிருப்பதால் எழுத ஒன்றும் சிரமமில்லை. கண்ணும் பயணத் தூசியில் சற்று வீங்கியிருக்கிறது. கூலிங்கிளாஸோடு சாப்பிடப் போனதில் யாரும் தவறாக நினைத்ததாகத் தெரியவில்லை.

மே 29, வியாழன்

சாப்பாடு. காலையில் இருபது வகை வைக்கிறார்கள், அதில் நாம் சாப்பிடுவது நாலு. இட்லி பரவாயில்லை. சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள், சத்தியமாக. தோசை ஊற்றும் மாஸ்டர் நல்ல மனிதர், சம்முவுக்கு யானை வடிவத்தில் ஊற்றிக் கொடுத்தார். தும்பிக்கை மட்டும் கருகிவிட்டது.

நீச்சல் குளத்தில் குளோரின் அதிகம். மூக்கை வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். சம்மு கேட்டால்தானே. கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை வெளியே வரமாட்டேன் என்றாள். கடலில் குளிக்கக் கூடாதென்று சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடல் பார்ப்பதற்கு மட்டும்தான்.

படங்களில் தெரியாத ஒன்று, இங்கே எல்லாமே பிசுபிசுவென்று இருக்கும். தலையணை, சீப்பு, கதவுப் பிடி, எதைத் தொட்டாலும் உப்பு. நேற்று இரவு தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஆள் வரவழைத்து எண்ணெய் விடச் சொன்னேன். அவன் போனபிறகு போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தரமும் போட்டுப் பார்த்தேன்.

மதியம் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் துண்டை மடித்துக் கட்டில்மேல் ஓர் அன்னம் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். சம்மு அதை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலருகே இருந்தேன். அன்னம் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலிருக்கிறது, தண்ணீரைக் கொட்டியிருக்கும். அவள் அதட்டவில்லை. அதன் கழுத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே, சிரித்த முகமாகச் சொன்னாள்: "பரவால்ல கண்ணு. ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவளுக்கு இது தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்னத்தை வாங்கிப் பிரித்து மறுபடி துண்டாக ஆக்கிவிட்டேன். தலை துவட்ட வேண்டும் என்று சொன்னேன்.

மே 30, வெள்ளி

காலையில் கேட்டுக்குள் வெள்ளை இன்னோவா. திருச்சி வண்டி. பெரியவர் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே இறங்கினார். பிறகுதான் காப்பி குடித்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது, விடுதியின் குற்றமில்லை.

மே 31, சனி

பக்கத்து மேசையில் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் தங்கமணியக்கா, எங்கே போனாலும் எவர்சில்வர் டப்பாவில் பருப்புப்பொடி கொண்டு போகிற ஆள். சாம்பாரில் சர்க்கரை விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சி. என் தட்டில் கேட்காமலேயே பொடியைப் போட்டு, நெய்யையும் ஊற்றிவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன் ரெஜினா. அந்த மயக்கத்தில்தான் வாய் தவறிவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகம் என்றால் மூன்று கேள்வி. ஊர் எது, குலத்தில் என்ன கூட்டம், குலதெய்வம் எது. அந்த மூன்றும் தெரிந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் இருக்கிறவனின் மச்சினனைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா கேட்டார். நான் மூன்றையும் சொன்னேன். பிறந்த வீட்டுக்கும் சொன்னேன், புகுந்த வீட்டுக்கும் சொன்னேன். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகின வாய். பள்ளியில் பேர் கேட்டால் இனிஷியலோடு சொல்வதில்லையா, அது மாதிரி.

"வூட்டுக்காரரு வரலீங்களா கண்ணு?"

"வேலைங்க. கடைய விட்டுட்டு வர முடியல."

"ஆம்பளைங்களுக்கு எப்பவும் அதே கதைதானுங்க" என்று இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார்.

அறைக்கு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

தெரிந்த விஷயத்தையே எழுதுகிறாயே என்பாய் நீ. எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது, அதனால் எழுதுகிறேன். நாலாம் தேதி மலைமேல் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் வார்டன் வேலையில் சேர வேண்டும். குடியிருப்பை அன்றைக்குத்தான் திறந்து விடுவார்கள். அதுவரை தலைமறைவாக இருக்க ஓர் இடம். அம்மா வீட்டுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் அப்பா அவருக்குப் போன் போட்டுவிடுவார். போன தை மாதம் அப்படித்தான் ஆனது. "மாப்பிள்ளை தங்கமான மனுசன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசிப் பார்த்ததில்லை" என்று சொல்லி அப்பாவே காரில் ஏற்றிவிட்டார். அப்பா சொன்னது பொய்யில்லை. நாலு பேர் முன்னால் அவர் அதிர்ந்து பேசியதே இல்லை. கடைப் பையன்கள், பக்கத்து வீடு, சொந்தபந்தம், யாரைக் கேட்டாலும் நந்தகுமார் மாதிரி உண்டா என்பார்கள்.

கடற்கரை விடுதியில் வந்து தேட மாட்டார் என்றாய். அந்த யோசனை சரிதான். யோசனையில் குறை ஒன்றுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. எனக்குப் பின்னால் டமடமவென்று ஒரு சத்தம். நாற்காலி கவிழ, சம்முவை இழுத்துக்கொண்டு சுவரோடு போய் ஒண்டிக்கொண்டேன். தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது. விளக்கு வந்ததும் பார்க்கிறேன், சமையல்கட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர், கையில் கரண்டியும் தட்டும். ஒருவர் கழுத்தில் மேளம். நடுவில் ஜெசிந்தா, கேக்கோடு.

எல்லோரும் பாடினார்கள். கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் கையைக் கீழே இறக்கினேன்.

"பயந்துட்டீங்களா மேடம்? சர்ப்ரைஸ்னா அப்படித்தான்" என்றாள் ஜெசிந்தா. ஆதாரைப் பார்த்துத் தேதி குறித்து வைத்துக்கொள்வார்களாம். விருந்தாளி யாராக இருந்தாலும் பிறந்தநாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் கேக், தொப்பி, மேளம், பாட்டு. இந்த விடுதியின் வழக்கம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்கு ஜூன் ஒன்று பிறந்தநாளே இல்லை. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், கையைத் தலைக்கு மேலே கொண்டு போய்க் காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். அந்தத் தேதியை நான் எந்த வருடமும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் இன்று அறையிலேயே சாப்பிட்டிருப்பேன்.

ஜெசிந்தா போட்டோ எடுத்தாள். "எங்க பேஜ்ல போடுவோம் மேடம்."

"போடாதம்மா. தயவு செஞ்சு."

நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். கூலிங்கிளாஸ் கீழே விழுந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரலில் இருந்த பிளாஸ்டரையும் பார்த்தாள். "போடல மேடம்" என்று என் கண்முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தாள்.

அதனால் இன்று நிம்மதி. கேக் பைனாப்பிள். சுமார்தான்.

ஜூன் 2, திங்கள்

சம்முவுக்குக் காய்ச்சல். அந்தக் குளத்துத் தண்ணீர்தான், வேறென்ன. விடுதியிலேயே டாக்டரை வரவழைத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. மருந்து கொடுத்து, இன்றைக்கு எங்கேயும் அலைக்க வேண்டாம் என்றார்.

மதியம் கதவு மணி அடித்தது. சம்மு கண்ணைத் திறக்காமலே, "அம்மா, திறக்கணுமா?" என்றாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தங்கமணியக்கா, கையில் ரசம் சாதம். சமையல்கட்டில் போய் நின்று தானே கரைத்துக்கொண்டு வந்தாராம். சம்முவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், முந்தானையால் வியர்வையைத் துடைத்துவிட்டார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சந்தோசமான சேதி கோகிலா. நேத்துக் கேக்கு வெட்டறப்ப நானொரு போட்டோ எடுத்தனுங்களா, அத ஸ்டேட்டஸ்ல வெச்சேன். எங்க சித்தி மக பாத்துட்டுப் போன் பண்ணிருச்சுங்க. 'அக்கா, இது எங்க நந்து சம்சாரமாச்சே'ங்குது. நாம சொந்தமாயிட்டோம் பாத்துக்கங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்கதான் இருக்குது, புள்ளையும் நல்லாருக்குதுன்னு சொன்னேன். அவிங்க ஒரு வாரமாத் தேடறாங்களாமே. நீங்க போனை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களாம். பாவம், அந்தத் தம்பி சோறு தண்ணியில்லாமக் கெடக்குதாம். புருசன் பொஞ்சாதின்னா நாலு வார்த்த வரத்தானுங்க செய்யும்."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ரசத்தில் மிளகு தூக்கலாகப் போட்டு, காய்ச்சல் வாய்க்கு இதமாகத்தான் செய்திருந்தார்.

அவர் போனதும் உன்னைக் கூப்பிட்டேன். "நைட்ல காய்ச்சல் பிள்ளையத் தூக்கிட்டு முன்னப்பின்ன தெரியாத வண்டில ஏறாத. எங்க செல்வின் அண்ணன விடியறதுக்குள்ள காரோட கெளப்பி விடறேன். மதியத்துக்குள்ள வந்துருவாங்க" என்றாய். மீனும் காய்கறியும் இறக்கப் பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது, அங்கே நிற்கச் சொன்னேன்.

போலீசுக்குச் சொல்லேன் என்றாய். ஒரு தடவை போயிருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. குடும்ப விஷயம் என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவரையே வரவழைத்து அனுப்பிவைத்தார்கள். அவர் அங்கிருந்த எல்லோருக்கும் நன்றி சொன்னார். வண்டியில் ஏறியதும் சீட் பெல்ட்டைக்கூட எனக்கு அவரே மாட்டிவிட்டார்.

செல்வின் அண்ணனும் கோவையிலிருந்துதான் வர வேண்டும். அவரும் கோவையிலிருந்துதான் வர வேண்டும். யார் முதலில் என்பதுதான் இப்போது கேள்வி.

மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ரெஜினா. சுற்றி வளைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. பயமாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

காரில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

சம்முவுக்குக் காலையில் காய்ச்சல் குறைந்திருந்தது. மதியம் வரை அறையை விட்டு நகரவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவருடைய வெள்ளை இன்னோவா வரவில்லை. அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வரவேற்புக்கு இறங்கினோம்.

அங்கே சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சிப்பி மாலை. கையில் அந்த ஊதா நிறப் பானம். வாடகை டாக்சியில் வந்திருக்கிறார். கார் நிறத்தை வைத்து ஆளைத் தேடினேன் பார், அது என் முட்டாள்தனம்.

"சார் சர்ப்ரைஸா வந்திருக்காங்க மேடம்" என்று வரவேற்பில் இருந்த பையன் பூரித்துப்போனான். கூடுதல் விருந்தாளி என்று ஆதார் வாங்கிப் பதிவுகூடச் செய்தாயிற்றாம். ஜெசிந்தா நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வா கண்ணு" என்றார். சம்மு என் புடவையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் எழுந்து வந்து தூக்கிக்கொண்டார். நெற்றியைத் தொட்டார். "புள்ளைக்கு மேலு சுடுது. இப்படித்தான் பாத்துக்குவியா கோகி?" குரல் அப்படியே தேன். என் பையை வாங்கித் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "டாக்சி நிக்குது. சாப்ட்டுட்டே கெளம்பலாம். மத்ததெல்லாம் ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

சம்மு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் தங்கமணியக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வாங்க தம்பி, வாங்க" என்று குடும்பத்தையே எழுப்பி அறிமுகம் செய்தார். அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டார், அக்காவின் கணவர் காலைத் தொட்டுக்கூடக் கும்பிட்டார். சம்முவை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் மணிக்கட்டு அவர் கைக்குள் இருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத்தான் தெரியும்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. இரண்டு தரம் அதிர்ந்து நின்றது. சொல்லி வைத்திருந்த அடையாளம் அது, செல்வின் அண்ணன் பின்கேட்டுக்கு வந்துவிட்டார். பின்கேட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சமையல்கட்டுதான். ஆனால் சம்மு அந்த மடியில் இருந்தாள்.

"எனக்கும் போட்டுட்டு வா" என்றார்.

கல்யாணப் பந்தியைத் தவிர வேறெங்கேயும் நான் பரிமாறாமல் அவர் சாப்பிட்டதில்லை. பஃபே என்றாலும் நான்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும். அந்த வழக்கத்தை எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

தட்டோடு போய் நின்றேன். எதை எடுத்தேன் என்று தெரியவில்லை. கரண்டி தட்டில் மோதிக்கொண்டிருந்தது. இனிப்பு வைத்திருந்த இடத்தில் ஜெசிந்தா நின்றிருந்தாள். என்னைக் காப்பாற்று என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கேட்டால் மேனேஜர் வருவார். அவர் மேனேஜருக்கும் கும்பிடு போடுவார். மறுபடி டீ, மறுபடி நன்றி, மறுபடி சீட் பெல்ட். அப்போதுதான் மூலையில் சாத்தி வைத்திருந்த மேளம் கண்ணில் பட்டது.

"ஜெசிந்தா, இன்னிக்கு எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள்."

அவள் என்னைப் பார்த்தாள். "சாரோட ஆதார்ல நவம்பர்னு இருக்கு மேடம். இப்பத்தான் நகல் எடுத்தேன்."

"என்னுதும் ஜூன் ஒண்ணு இல்லம்மா."

அவள் பார்வை என் விரலுக்குப் போனது. அங்கிருந்து மேசைக்குப் போனது, அவர் மடிக்கும் சம்முவின் மணிக்கட்டுக்கும் போனது.

"பாட்டை ரெண்டு தரம் பாடச் சொல்றேன் மேடம்" என்றாள். பிறகு, இனிப்புகளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டே, "கை கழுவுற இடம் சமையல்கட்டுக்குள்ள இருக்கு. அந்த ஆடுற கதவு" என்றாள்.

கை கழுவுகிற இடம் கூடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு நாளாக அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

தட்டைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். உட்கார்ந்தேன். பருப்பில் உப்பில்லை என்றார். உப்பை நகர்த்தி வைத்தேன். விளக்கு அணைந்தது.

இந்த முறை நான் பயப்படவில்லை என்று எழுத ஆசை. உண்மையில் போன தடவையைவிட அதிகமாகப் பயந்தேன். மேளம், கரண்டி, தட்டு எல்லாம் சேர்ந்து முழங்க, கேக் நேரே எங்கள் மேசைக்கு வந்தது. விளக்கு வந்தபோது அவர் முகத்தில் திகைப்பு. கூடமே அவரைப் பார்த்துக் கைதட்டுகிறது. திகைப்பின் மேலேயே சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு வழியில்லை. நாலு பேர் முன்னால் அவர் அப்படித்தான் இருப்பார்.

"ஏனுங்க தம்பி, சொல்லவே இல்லீங்களே" என்று தங்கமணியக்கா பாய்ந்து வந்தார். இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி நடுவில் நிறுத்தினார்கள். எழும்போது சம்மு மடியிலிருந்து இறங்கினாள். ஒரு கை இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது. ஜெசிந்தா அவர் தலையில் காகிதத் தொப்பியை வைத்தாள். கத்தியை நீட்டினாள்.

"வலது கைல பிடிங்க சார். வலது கையாலதான் வெட்டணும்."

கத்தி பிடிக்க வேண்டுமென்றால் பிள்ளையின் கையை விட வேண்டும். விட்டார்.

சம்மு என்ன புரிந்துகொண்டாளோ தெரியாது. நான் அவளுக்கு ஒரு சைகையும் காட்டவில்லை. அவளாகவே கேக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். "ஐயையோ, பாரு, கையெல்லாம்" என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "கழுவிட்டு வந்தர்றேங்க."

அவர் என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஓரடி எடுத்து வைப்பதற்குள் தங்கமணியக்கா ஒரு துண்டு கேக்கை அவர் வாயில் திணித்துவிட்டார். "தம்பி, இந்தப் பக்கம் பாருங்க, ஸ்டேட்டஸுக்கு" என்று அக்காவின் மருமகள் போனைத் தூக்கினாள். பாட்டு முடிந்தது. ஜெசிந்தா கையைத் தூக்கி, "இன்னொரு தரம்" என்றாள்.

இரண்டாவது பாட்டு தொடங்கியபோது நாங்கள் ஆடுகிற கதவைத் தள்ளிவிட்டோம்.

உள்ளே அடுப்புச் சூடும் மீன் வாடையும். தோசை மாஸ்டர் வழியில் இருந்த வெங்காய மூட்டையைக் காலால் நகர்த்தினார், ஒன்றும் கேட்கவில்லை. சம்முவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தரை ஈரம், ஓரிடத்தில் வழுக்கி மேசையைப் பிடித்துக்கொண்டேன். விரலில் உயிர் போனது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் செல்வின் அண்ணன் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தார்.

பை, துணி, சம்முவின் செருப்பு, எல்லாம் அங்கேயே கிடக்கிறது. இந்த நோட்டு கைப்பையில் இருந்ததால் தப்பியது. வெகுதூரம் வந்த பிறகும் சம்மு கைக்குள் அந்தக் கேக்கைப் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். கார் அழுக்காகிவிடும், வெளியே போடு என்று நானும் சொல்லவில்லை. செல்வின் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார். நானும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூன் 4, புதன்

வந்து சேர்ந்துவிட்டோம். ஊர் பெயரை இதில்கூட எழுத மாட்டேன். குளிர்கிறது. இரண்டு கட்டில், ஓர் அலமாரி, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. கேட்டும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. கார் சத்தம் கேட்டால் கை வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். இங்கேயும் வருவார். எப்போது என்றுதான் தெரியாது. தலைமை சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு ஒரு பெண் வக்கீலிடம் கூட்டிப்போகிறேன் என்றார். டாக்டரிடம் விரலைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம்.

சம்மு மத்தியானம் கேட்டாள்: "அம்மா, அப்பாக்கு நேத்து நெசமாவே பொறந்தநாளா?"

"இல்ல."

"அந்த ஜெசிந்தா அக்காக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் போய்த் தலையணை உறையை மடித்து அன்னம் செய்யப் பார்த்தாள், கழுத்து நிற்கவே இல்லை.

ரெஜினா, விடுதியைப் பற்றி நீ கேட்டாயே. மெத்தை நன்று. சாம்பார் இனிக்கும். குளத்தில் குளோரின் அதிகம், பிள்ளைகளைக் கவனம். கடலில் குளிக்க முடியாது. ஆட்கள் நல்லவர்கள். பிறந்தநாளென்றால் மேளம் அடித்துப் பாடுவார்கள், கேட்டால் இரண்டு தரம் பாடுவார்கள். தாராளமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ.

உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் நாளே ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள். என் விரலைக் கதவு ஒன்றும் செய்யவில்லை.